சாலையில் செவியும் வேண்டும்



கைப்பேசியினால் நமது கிராமங்கள் அடைந்துள்ள நன்மைகளை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சந்தை நிலவரமும், மழை அறிவிப்பும், ஆபத்துக் காலத்தில் 108 ஆம்புலன்சும் அதன் வழியே நம்மை நாடி வருகின்றன. அக்கருவியைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. சாலையில் செல்லுங்கால் அது நமது கண்ணையும் செவியையும் கவர்ந்து கொள்கின்றதே, அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

கிராமத்துச் சாலையின் இயல்பை நாம் அறிவோம். பால் கொண்டு செல்வோர், ஏரி வேலைக்குச் செல்லும் பெண்கள், ஆட்டு மந்தை, கரும்பு ஏற்றிய டிராக்டர், பள்ளிப் பிள்ளைகள் ஆகிய யாவரும் ஒரே தார்ச்சாலையின் மீதே செல்கின்றனர். நடைபாதை இல்லை. (சாலையிலே கதிரைப் பரப்பும் வழக்கத்தைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம்.) வளைவுகளில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடத்தலால் எதிரே வருவது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அத்தகைய இடத்தில் நமக்குக் காவலாக நிற்பது செவியே. பின்னால் வருவது பஸ்ஸா, லாரியா, எவ்வளவு தொலைவில் வருகின்றது என்பதைத் திரும்பிப் பாராமலே கூறவல்ல முதியோர் நமது ஊர்களில் பலர் உளர். ஹெட்போனை இரு காதுகளிலும் மாட்டிக்கொண்டு நடப்பவர் இக்காவலைத் தாமே விலக்கிவிடுகிறார். இக்காலத்தில் மின்சார ஸ்கூட்டர்களும் பெருகி வருகின்றன. அவை மெல்ல வரும்பொழுது திறந்த செவிக்கே ஓசை அரிதாகத்தான் கேட்கும். அடைத்த செவிக்கு எங்ஙனம் கேட்கும்?

வண்டி ஓட்டுவோரின் நிலை இன்னும் கடினமானது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். வந்த செய்தி யாது என மூன்று விநாடி குனிந்து பார்ப்பவர் 50 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவரே ஆவார். அந்த 50 மீட்டருக்குள் ஒரு கன்று குறுக்கே வரலாம். ஒரு குழந்தையும் வரலாம்.

"கருவி காதில் இருக்கின்றது, கை காலியாகத்தானே உள்ளது?" என்று சிலர் வாதிடுவர். கை காலிதான், மனம் காலியன்று. பின்னால் அமர்ந்து பேசி வருபவர் வளைவைக் கண்டதும் தாமே பேச்சை நிறுத்துவார். எங்கோ இருந்து பேசுபவருக்கு வளைவு தெரியாது. ஓட்டும்பொழுது கைப்பேசி பயன்படுத்துவோர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், கையில் பிடியாமல் பேசுவதும் பெரிதும் பாதுகாப்பானதன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. அதன் 184-ஆம் பிரிவின்படி, கையில் கைப்பேசியுடன் ஓட்டுவது அபாயகரமாக ஓட்டும் குற்றமாகலாம். முதல் முறைக்கே 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதத்திற்குக் குறையாத சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காதை அடைத்து நடப்பவரைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. அவரை நாம்தான் திருத்த வேண்டும். எதிரே வரும் வண்டிகளைக் கண்டவாறு வலப்புறமாக நடக்கவும் பழக்க வேண்டும்.

இனி, நாம் பெரிதும் வற்புறுத்த விரும்புவது அழைப்பவரின் கடமையையே. மோட்டாருக்கு மின்சாரம் வந்துவிட்டதென வீட்டிலிருந்து அழைப்பர். நெல் கொள்முதல் நிலையத்தில் முறை வந்துவிட்டதெனப் பங்காளி அழைப்பார். அறிக்கை உடனே தேவையென ஒன்றிய அலுவலகம் ஊராட்சிச் செயலரை அழைக்கும். மேலிடத்து அழைப்பாயிற்றே என்று அவர் தோளுக்கும் காதுக்கும் இடையே கைப்பேசியை இடுக்கிக்கொண்டு ஓட்டுவார். ஆதலின் அழைப்பவர் முதற்கண், "வண்டியில் செல்கிறீர்களா?" என வினவுதல் வேண்டும். "ஆம்" என்றால் அக்கணமே பேச்சை நிறுத்திவிடல் வேண்டும். அலுவலக அழைப்பிற்கும் இது பொருந்தும். வழியில் இருந்தமையால் எடுக்கவில்லை என்று கூறும் செயலர்மீது எவரும் சினங்கொள்ளலாகாது.

நின்று பேசச் சொன்னால், நிற்க இடம் வேண்டுமல்லவா? பல சாலைகளின் ஓரம் முட்புதராகவே உள்ளது. முதலில் எந்த வளைவில் புதரை அகற்றுவது, எந்த மரத்தடியில் ஓரத்தை மண்ணிட்டுச் சமன் செய்வது என்பதை அடுத்த கிராம சபையில் அச்சாலையில் நாள்தோறும் நடப்பவர்களே கூறட்டும். அவ்விடங்களைக் குறித்து ஒன்றியத்திற்கு அனுப்புங்கள். பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு தயாரிப்பார்.