கைவேலையும் செவிவிருந்தும்

(நமது சங்கத்தின் மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகச் சிறிதென்று சிலருக்குத் தோன்றலாம். கைகள் தையலிலோ, பூத்தொடுப்பதிலோ, கூடை பின்னுவதிலோ ஈடுபட்டிருக்குங்கால், செவிகள் ஒரு நகைச்சுவை நூலைக் கேட்டு மகிழ்வதைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல வந்தேன். ஒருவர் வாசிக்கப் பதிவு செய்யப்பெற்ற நூல்கள் இக்காலத்தில் ஒலிநூல் என்னும் பெயரால் நம் கைபேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றை நாம் எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதே என் பேச்சு.

"புத்தகம் படிக்க எனக்கு ஏது பொழுது?" என்று கேட்கும் மாதரை யாம் அடிக்கடி காண்கின்றோம். அவர்கள் சோம்பியிருப்பவரல்லர், கை ஓயாதவர். கண்ணாற் படிப்பதற்குக் கண்ணும் வேண்டும், கையும் வேண்டும். ஆகவே கை ஓய்ந்தவர்க்கே இதுகாறும் நூலின்பம் உரியதாயிருந்தது. நாள் முழுதும் துணி தைப்பவளுக்கும், தார் சுற்றுபவளுக்கும், கண்ணொளி மங்கிய பாட்டிக்கும் அது கிட்டாப் பொருளாயிற்று. செவியோ யாதொரு வேலையுமின்றிச் சும்மா கிடந்தது.

வேலை செய்யும் கைக்குச் செவியின் துணை வேண்டுமென்பதை நம் முன்னோர் அறியாதவரல்லர். நெற்குத்தும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டைச் சிலப்பதிகாரத்திலேயே காண்கின்றோம். ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் பாட்டு வேறு, நூல் வேறு. பாட்டு உடலின் அசைவுக்குத் தாளமிடும். நூலோ உள்ளத்தை வேறோர் ஊருக்கு அழைத்துச் செல்லும். வேலைக்கூடத்திலேயே ஒருவர் உரக்க நூல் வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டு வேலை செய்த வழக்கம் வேறொரு நாட்டில் மிகச் சிறப்பாய் நிலவியது. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன்.

கியூபாத் தீவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-ஆம் ஆண்டு தொடங்கி, கூடத்து நடுவே உயர்ந்த மேடையொன்றில் ஒருவர் அமர்ந்து வாசிப்பார். புகையிலை சுற்றும் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் வரிசை வரிசையாய் அமர்ந்து கேட்பர். காலையிற் செய்தித்தாள், பின்னர் நாவல் என்று அவ்வாசிப்பு நிகழும். வாசிப்பவருக்குக் கூலி கொடுத்தவர் முதலாளி அல்லர். தொழிலாளரே தம் கூலியினின்று சிறிது சிறிதாய்த் திரட்டிக் கொடுத்தனர். எந்நூலை வாசிப்பதென்பதையும் அவர்களே கூடித் தீர்மானித்தனர். ஸ்பெயின் நாட்டு செர்வாந்தேஸ் எழுதிய டான் குயிக்ஸோட் என்னும் ஹாஸ்ய நூல் அவர்கள் விரும்பிக் கேட்டவற்றுள் ஒன்று. எழுத்தறியாதோர் பலர் இவ்வாறு உலகின் உயர்ந்த நூல்களை அறிந்தனர். அதனாலேயே ஆளவந்தார் அஞ்சி 1866-இல் அவ்வழக்கத்தைத் தடை செய்தனர். தடை நீங்கியபின் மீண்டும் அது தழைத்தது. அமெரிக்காவின் டாம்பா நகருக்குக் குடியேறிய சுருட்டுத் தொழிலாளரும் இவ்வழக்கத்தை உடன்கொண்டு சென்றனர். அங்கு 1931-இல் முதலாளிமார் வாசிப்போரை நீக்கிவிட்டனர். தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்து போராடியும் மேடை திரும்பக் கிடைக்கவில்லை. கேட்டுச் சிரிக்கும் உரிமைக்காக மக்கள் கூலியையும் இழக்கத் துணிந்தனர் என்பதை எண்ணும்போது, சும்மா கிடைத்திருக்கும் இவ்வசதியை நாம் எளிதாய் எண்ணுதல் தகுமோ?

நெடுந்தூரம் செல்லவும் வேண்டா. அண்டை நாடாகிய கேரளத்துக் கண்ணூரில், பீடி சுற்றுவோர் தம்முள் ஒருவரை வாசிக்கச் சொல்லி, அவர் சுற்றவேண்டிய பங்கை ஏனையோர் பகிர்ந்து சுற்றிக் கொடுத்த வழக்கம் இருந்தது.

இனி யந்திரத்துக்கு வருவோம். எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டிலேயே, கண்ணிழந்தோர்க்கு நூல்களைப் பேசவைக்க அது பயன்படுமென்று எழுதினார். அவ்வெண்ணம் நன்கு நிறைவேற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1934-இல் அமெரிக்காவில் கண்ணிழந்தோர்க்கென வெளியான முதற்றொகுதிப் பேசும் நூல்களில் வேத வாசகங்களும் ஷேக்ஸ்பியர் நாடகங்களும் இருந்தன. அவற்றோடு உட்ஹவுஸ் எழுதிய ஹாஸ்யக் கதைகளும் இருந்தன! சிரிப்பும் ஒரு தேவையென்று அவர்கள் அன்றே உணர்ந்தது எனக்கு மிக்க மகிழ்ச்சி தருகின்றது.

நகைச்சுவை ஏனைச் சுவைகளினும் கைவேலைக்கு ஏற்றதென்பது என் கருத்து. சோகக் கதை கேட்டால் கை தளரும். துப்பறியும் கதையில் ஒரு வாக்கியம் தவறினும் பின்பு ஒன்றும் விளங்காது. ஹாஸ்யமோ துண்டு துண்டாய் ருசிப்பது. அடுப்பைப் பார்க்க எழுந்து சென்று திரும்பினாலும் அடுத்த சிரிப்பு காத்திருக்கும். அன்றியும், நகை பெரும்பாலும் குரலிற் பிறப்பது. எவ்விடத்தில் நிறுத்த வேண்டும், எச்சொல்லை ஒன்றுமறியாதார்போல் சொல்ல வேண்டும் என்பதை வல்ல வாசிப்பாளர் அறிவார். இதனாலேயே, பொழுது மிச்சமாகுமென்று ஒலிநூலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்போரைக் கண்டு யான் இரங்குகின்றேன். விகடத்தை விரட்டினால் அது விகடமாயிராது. யந்திரமே வாசிக்கும் செயற்கைக் குரலும் இன்று மலிந்துவிட்டது. செய்திக்கு அது போதும், சிரிப்புக்குப் போதாது.

எல்லா வேலைக்கும் இது பொருந்துமோவெனின், பொருந்தாது. பூத்தொடுத்தல், பஞ்சு திரித்தல், ஒயர்க்கூடை பின்னுதல், துணிக்கு ஓரம் தைத்தல், கொலுப் பொம்மைக்கு வர்ணம் பூசுதல் ஆகிய பழகிய வேலைகளே ஏற்றவை. குழித்தறியில் நாடா ஓடும் ஓசையிற் கதை காதில் விழாது. தார் சுற்றும் இடத்தில் நன்கு விழும். புள்ளிக்கோலமிடும்போதும், புதிய தையல் கற்கும்போதும், அரிவாள்மணையின் முன்னும் வேண்டா. குரோஷாப் பின்னலிற் கண்ணி எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை: பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்தபின் தம்மைத் தாமே விட்டுவிட்டு எண்ணி, ஒருவர் குறைகின்றாரென்று புலம்பும் பகுதியை அப்போது கேட்கவே கூடாது. உங்கள் கணக்கிலும் ஒன்று குறையும்!

அந்தப் பரமார்த்த குரு கதை வீரமாமுனிவர் இயற்றியது. அவர் 1747-இல் காலஞ்சென்றார். 1822-இல் அது லண்டனில் அச்சேறியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தது. பிரதாபன் செய்யும் பிழைகளுக்கெல்லாம் உபாத்தியாயரின் மகன் கனகசபை அடிவாங்கும் பகுதியை உரக்க வாசித்துப் பாருங்கள்; ஊசி பிடித்த கை தானே நின்றுவிடும். இவையெல்லாம் இன்று எவரும் தடையின்றிப் பதிப்பிக்கவும் வாசித்துப் பதியவும் உரியவை.

இனிச் சற்று மனம் திறந்து பேசுகின்றேன். செவிக்குள் கருவியைச் செருகிக்கொண்டு, ஒரே கூடத்தில் நால்வர் நான்கு கதை கேட்டுத் தனித்தனியே சிரிப்பது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஒருத்தி சிரிக்க, மற்றவள் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கின்றாளோவென்று ஐயுறுகின்றாள். அதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. பழைய ஹாஸ்யங்கள் சிலவற்றில் திக்குவாயரையும் செவிடரையும் விதவைகளையும் பிற சாதியாரையும் இழித்து நகைக்கும் இடங்கள் உள. கண்ணாற் படிப்பவர் மௌனமாய் அவற்றைத் தாண்டிவிடுவர். கூடத்தில் உரக்க ஒலிக்கும்போதோ, வீட்டு வேலைக்கு வந்தவளும் கேட்கின்றாள். ஐந்து வயதுக் குழந்தையும் கேட்கின்றது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவ்விகடத்துக்கு நம்மாற் சிரிக்க முடியுமா? முடியாதெனில் அது விகடமன்று. நம்மைப் போன்ற சாதிச் சங்கத்தார் இச்சோதனையைத் தம் நகைச்சுவைக்கு இட்டுப் பார்த்தல் பெரிதும் அவசியம். கூடிக் கேட்டாலன்றி இச்சோதனை நிகழாது.

மற்றொன்று. நம் குடும்பங்களிற் பல பம்பாயிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றன. அங்கு வளரும் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவர். எழுத்தை வாசிக்கத் தடுமாறுவர். அவர்கட்குத் தமிழ் நூல் சென்று சேரும் வாயில் செவி ஒன்றே. அதுவும் பாட்டியின் குரலிற் சென்றால் அதன் சுவையே வேறு.

லிப்ரிவாக்ஸ் என்னும் அமைப்பு 2005-இல் தொடங்கியது. அதில் தொழில்முறை நடிகரல்லாத சாதாரண மக்கள் உரிமைக்காலம் கழிந்த நூல்களை அத்தியாயம் அத்தியாயமாய்ப் பங்கிட்டு வாசித்துப் பதிந்து, உலகுக்கு இலவசமாய் அளித்து வருகின்றனர். படகிலே மூவர் செல்லும் ஜெரோமின் ஆங்கில ஹாஸ்ய நூலையும் அவ்வாறு கேட்கலாம். அவர்கட்கு இயன்றது நமக்கு இயலாதோ? ஒரு கைபேசியும், கதவடைத்த ஓர் அறையும், மின்விசிறியை நிறுத்தி அரைமணி பொறுக்கும் மனமுமே வேண்டும் முதல்.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். பிரதாப முதலியார் சரித்திரத்தின் அத்தியாயங்களை நம் முதிய அங்கத்தினர் பங்கிட்டுக்கொண்டு வாசித்துப் பதிவு செய்ய ஏற்பாடாக வேண்டும். கண் மங்கியவர்க்கு இளையோர் ஒவ்வொரு வரியாய்ச் சொல்லிக் கொடுக்கலாம். பதிவை வெளியூர்க் குடும்பங்களுக்குக் காரியதரிசி அவர்கள் அனுப்பிவைப்பார்களென நம்புகின்றேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருவோர் தத்தம் கைவேலையை உடன்கொண்டு வாருங்கள். முதல் அத்தியாயத்தை யானே வாசிக்கின்றேன். பெயர் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் இன்று சிற்றுண்டிக்கு எழுமுன் என்னிடம் சொல்லிவிடுமாறு வேண்டுகின்றேன்.