பணம் வந்தது, அம்மா வரவில்லை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



களப்பணியில் இருக்கும் தோழிகள் நாங்கள் நான்கு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து மூன்று படங்கள் பார்த்தோம். இரண்டு பிலிப்பைன்ஸ் நாட்டுப் படங்கள், ஒன்று சிங்கப்பூர்ப் படம். மூன்றுமே வீட்டு வேலைக்காக வெளிநாடு போன பிலிப்பைன்ஸ் பெண்களின் கதை. பார்த்து முடித்ததும் ராத்திரி வரைக்கும் எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். அதைத்தான் உங்களிடம் பகிர்ந்துகொள்கிறோம்.

பிலிப்பைன்ஸில் 1974-ல் வந்த தொழிலாளர் சட்டத்திலிருந்து, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசே ஒரு கொள்கையாக வைத்திருக்கிறது. லட்சக்கணக்கான பெண்கள் பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள். 1988-ல் அந்நாட்டு அதிபர் கோரசோன் அக்கினோ ஹாங்காங்கில் இவர்களைச் சந்தித்து, நாட்டின் புதிய வீரர்கள் என்று பாராட்டினார். வெளியே வீராங்கனை. சரி, வீட்டுக்குள்ளே?

2000-ல் வந்த 'அனாக்' படம் அதைத்தான் காட்டுகிறது. அனாக் என்றால் பிள்ளை என்று அர்த்தம். ஹாங்காங்கில் பல வருஷம் வேலை பார்த்த ஜோசி ஊர் திரும்புகிறாள். பெட்டி நிறைய சாமான். ஆனால் கடைசிக் குழந்தைக்கு அம்மாவை அடையாளமே தெரியவில்லை. மூத்த மகள் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். கணவன் இறந்தபோதுகூட ஜோசி வரவில்லை என்ற கோபம். வேலை பார்த்த இடத்தில் ஜோசி என்ன பாடுபட்டாள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

எங்களில் ஒரு தோழி, "என்ன இருந்தாலும் பெத்த பிள்ளைய விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதுங்க" என்றார். இன்னொருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா வெளிநாடு போனா இப்படிக் கேப்பீங்களா? சம்பாதிக்கப் போனாருன்னுதானே சொல்லுவீங்க?" என்றார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்தது சிங்கப்பூர்ப் படம், 'இலோ இலோ'. 2013-ல் கான் திரைப்பட விழாவில், முதல் படம் எடுத்தவருக்கான விருது பெற்றது. இதில் டெர்ரி தன் கைக்குழந்தையை ஊரில் விட்டு வந்து, இன்னொரு வீட்டுப் பையனை வளர்க்கிறாள். முரட்டுப் பையன் மெல்ல மெல்ல அவளிடம் ஒட்டிக்கொள்கிறான். அதைப் பார்த்துப் பெற்ற தாய்க்குப் பொறாமை. அந்தத் தாயும் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவள்தான். 1997-ல் ஆசிய நாடுகளில் வந்த பொருளாதார நெருக்கடியில் அந்த வீட்டு அப்பாவுக்கு வேலை போய்விடுகிறது. டெர்ரியை ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

மூன்றாவது 'சண்டே பியூட்டி குயின்', 2016-ல் வந்தது. நடிப்பு இல்லை, நிஜமான பெண்களையே எடுத்த ஆவணப்படம். ஹாங்காங் சட்டப்படி இவர்கள் முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் லீவு. வேலை போனால் இரண்டு வாரத்தில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த ஒருநாள் லீவில் அழகிப் போட்டி நடத்துகிறார்கள்! "இத்தனை கஷ்டத்துல இது வேணுமா?" என்று சிரித்த தோழிதான் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறு நாள் அடுத்தவர் வீட்டில் உழைப்பு, ஒருநாள் தோழிகளோடு தலைநிமிர்ந்து நடை. நம் குழுக் கூட்டத்துக்கு நாம் ஓடி வருவதில்லையா, அதுபோலத்தான்.

போனது தப்பா, சரியா என்பதில் நாங்கள் நால்வரும் ஒத்துப்போகவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனோம். ஜோசியின் பணம் வீட்டுக்குப் போனது, அவள் பட்ட கஷ்டம் போய்ச் சேரவில்லை. பிள்ளைகளின் மனசும் அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் மறைந்து கிடந்ததுதான் உறவை அறுத்தது.

நம்ம பக்கத்திலிருந்தும் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். நம் குழுவில் யாராவது கிளம்பினால், விமான டிக்கெட்டுக்கு முன்னால் மூன்று விஷயத்தைப் பேசி முடியுங்கள். பிள்ளைகளை யார் பார்ப்பது? அனுப்பும் பணம் யார் பெயரில் சேரும், எதற்குச் செலவாகும்? வாரம் எந்த நாள் பேசுவது? பேசும்போது "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லாமல், உள்ளதைச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம் இரண்டின் நகலும் வீட்டில் ஒன்று, குழுவில் ஒன்று இருக்கட்டும்.

ஊரில் இருக்கும் சகோதரிகளே, போனவர் பிள்ளையை வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். "உங்க அம்மா உனக்காகத்தான் உழைக்குறா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜோசியின் பிள்ளைகளுக்கு அதைப் புரியும்படி சொல்ல யாரும் இல்லாமல் போய்விட்டது.