இளைஞரும் திரை விளையாட்டும்



பாடசாலையும் ரியூசனும் முடிந்து, முற்றமோ மைதானமோ இல்லாத கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதி மாடிவீட்டிலே கைத்தொலைபேசியுடன் விளையாட அமரும் பிள்ளையைக் கண்டு, படிப்புக் கெட்டுவிட்டதே என்று பதறுகின்ற பெற்றாரின் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை; நித்திரையைக் கெடுத்துப் பணத்தைக் கறக்கும் விளையாட்டுகள் உண்டென்பது பிரத்தியட்சம். ஆயினும், அவற்றை மாத்திரம் கண்டு ஒரு கலை முழுவதையுமே பகிஷ்கரிப்பது நியாயமன்று என்பதே என் விண்ணப்பம்.

2023ஆம் ஆண்டிலே ரொறன்ரோ நகரத்து ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு நிறுவனம் ‘வெண்பா’ என்றொரு விளையாட்டை வெளியிட்டது. அதிலே, 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பெண், தன் தாயாரின் சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்க முயல்கிறாள். எழுத்தழிந்த இடத்திலே இட்டலித் தட்டுகளை எப்படி அடுக்குவதென்பதை விளையாடுபவரே ஆலோசித்துக் கண்டறிய வேண்டும். பிழைத்தால் ஏசுவாரில்லை, மறுபடியும் அடுக்கலாம். பின்னர், தமிழைவிட்டு விலகி வளர்ந்த அவளுடைய மகன் கவின் அதே குறிப்பேட்டைத் திறந்து தடுமாறுகின்ற கட்டம் வருகிறது. ரொறன்ரோவிலே உறவினர் இல்லாத குடும்பம் இச்சபையில் அபூர்வம். தொலைபேசியில் அம்மம்மா கேட்கும் கேள்விக்கு ஆங்கிலத்திலே பதில் வருவதைக் கேட்டு மனம் நொந்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றத்தை நான் வியாக்கியானம் செய்யத் தேவையில்லை. பத்துப் பிரசங்கங்கள் செய்ய முடியாததை அவ்விளையாட்டுச் செய்கிறது. ஏனெனில், அங்கே பிள்ளை கேட்டுக்கொண்டிராமல் தானே செய்து பார்க்கிறது. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தது.

பயன் மனத்தளவில் நிற்பதுமன்று. 2007இல் அமெரிக்காவிலே டாக்டர் றோசர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், முன்னர் வாரத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் திரை விளையாட்டு ஆடியிருந்த சத்திரசிகிச்சை வைத்தியர்கள், நுண்துளைச் சிகிச்சைக்கான பயிற்சியிலே, ஆடாதவரைவிட 37 சதவீதம் குறைவாகப் பிழைவிட்டு, 27 சதவீதம் விரைவாகச் செயற்பட்டனர். ஆராயப்பட்டோர் 33 பேரே ஆதலால் அதனை முடிந்த முடிபாகக் கொள்ள நான் சொல்லேன். ஆனால், கண்ணும் கையும் ஒருங்கே பழகுகின்றன என்பதைப் புறக்கணிக்கவும் ஒண்ணாது.

ஆகவே, பெற்றோரே, இன்றிரவு பிள்ளையின் அருகே அமர்ந்து, அது என்ன ஆடுகிறதென்று கேளுங்கள். நேரத்துக்கு எல்லை வையுங்கள், ஆனால் பார்த்த பின்பு வையுங்கள். இம்மன்றத்தாரே, நம் நூலகத்திலே சனிக்கிழமை மாலைகளில் இரண்டு கணினிகளை ஒதுக்கித் தாருங்கள். சித்திரம் தீட்டவும், கதை எழுதவும், இசையமைக்கவும் வல்ல பிள்ளைகள் இவ்வீதிகளிலே இருக்கிறார்கள், அவர்கள் நம் கொட்டாஞ்சேனைக் கதையொன்றை விளையாட்டாக்கத் தொடங்கட்டும்.