திரையே சொல்லும் சாட்சி



1974இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கேரி கில்டால் என்பவர் சிபி/எம் என்ற இயங்குதளத்தை உருவாக்கினார். அது இன்டெல் 8080 சில்லுக்காக எழுதப்பட்டது. அந்தச் சில்லால் கையாள முடிந்த நினைவகமே மொத்தம் 64 கிலோபைட்தான். அக்காலக் கணினிகள் இன்று அரிதாகிவிட்டன. ஆனாலும் எமுலேட்டர் என்ற மென்பொருள், அந்தச் சில்லின் ஒவ்வொரு கட்டளையையும் நம் மடிக்கணினியில் அப்படியே நடத்திக் காட்டுகிறது. ஆர்வலர்கள் அதில், சில்லின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியைப் பழகுகிறார்கள். பெரும்பாலும் முதலில் எழுதிப் பார்ப்பது, திரையில் ஒரு வரியைக் காட்டும் நிரல். முதல் தடுமாற்றமும் அங்கேதான்.

ஒரு வரியைக் காட்ட, சில்லுக்குள் எண்களை வைக்கும் சிறு இடங்களான ரெஜிஸ்டர்களில், சி என்பதில் 9 என்ற எண்ணை வைக்க வேண்டும். டி, இ என்ற ஜோடியில் வாசகம் இருக்கும் முகவரியை வைக்க வேண்டும். பிறகு நினைவகத்தின் 5ஆம் முகவரியை அழைத்தால், இயங்குதளம் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரைக்கு அனுப்பும். டாலர் குறி வந்ததும் நிறுத்திக்கொள்ளும். அந்தக் குறியைப் போட மறந்தால்? வாசகத்துக்கு அப்பால் கிடக்கும் பைட்டுகளையும் எழுத்தென்றே கொண்டு, எங்காவது ஒரு டாலர் எதிர்ப்படும் வரை கொட்டிக்கொண்டே போகும்.

இங்கே கவனியுங்கள். வரி சரியாகத் தொடங்கிப் பின்னால் குப்பை வந்தால், முடிவுக்குறி இல்லை. முதல் எழுத்திலிருந்தே குப்பை என்றால், பெரும்பாலும் முகவரி பிழை. ஒவ்வொரு தவறும் திரையில் தனித் தடம் பதிக்கிறது.

ஒரு கணக்கின் விடை 7 என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே அனுப்பினால் எண் தெரியாது, மணி ஒலிக்கும். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி வரிசையில் 7 என்பது மணிக்கான குறி. 48ஐக் கூட்டி அனுப்பினால்தான் 7 என்ற எழுத்து வரும்.

வரிகள் படிக்கட்டுபோல் வலப்பக்கம் நகர்ந்து இறங்கினால், 13 என்ற குறி விடுபட்டிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டால், 10 விடுபட்டிருக்கிறது. டெலிடைப் இயந்திரத்தில் அச்சுமுனையை வரித் தொடக்கத்துக்குக் கொண்டுவரவும், தாளை ஒரு வரி மேலேற்றவும் முறையே 13, 10 என்ற தனித்தனிக் குறிகள் இருந்தன. அந்த வழக்கம் இங்கும் தொடர்ந்தது.

பத்து முறை வர வேண்டிய வரி ஓயாமல் வருகிறதா? அழைப்பின்போது இயங்குதளம் ரெஜிஸ்டர்களைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். நாம் அங்கே வைத்த எண்ணிக்கை அழிந்துபோகும். அழைக்கும் முன் அதை எடுத்துவைக்கும் புஷ் கட்டளையும், திரும்பியதும் மீட்டுத்தரும் பாப் கட்டளையும் போட்டால் அது காப்பாற்றப்படும்.

சந்தேகம் தீராவிட்டால் பிழை தேட டிடிடி என்ற சிபி/எம் கருவி இருக்கிறது. அழைப்புக்குச் சற்று முன்னே நிரலை நிறுத்துங்கள். எக்ஸ் கட்டளை ரெஜிஸ்டர்களைக் காட்டும். டி கட்டளை நினைவகத்தைக் காட்டும்: இடப்பக்கம் பதினாறடிமான எண்கள், வலப்பக்கம் அவற்றின் எழுத்துகள். வாசகத்தின் முடிவில் 24 இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் டாலர்.

1981இல் வந்த எம்எஸ்-டாஸிலும் இதே 9ஆம் எண் அழைப்பும் அதே டாலர் குறியும் இருந்தன. ஒன்றில் பழகிய கண் இன்னொன்றிலும் உதவும். ஆகவே, பழகும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தவறான வெளியீடு வந்தவுடன் நிரலில் கைவைக்காதீர்கள். கணினி நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. என்ன சொல்லிவிட்டோம் என்பதைத் திரையிலிருந்து படித்தறியுங்கள். திருத்தம் அதற்குப் பிறகு.