பிண்ணாக்கின் இரு வழிகள்

(கள்ளிக்காட்டில் மாணவர்களுக்கும் வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும் நிகழ்த்திய உரை)



நெய்யாறு அணையை ஒட்டிய இப்பகுதியில் தென்னையும் ரப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. இரண்டின் விதையிலும் எண்ணெய் உண்டு. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு மாட்டுத் தொட்டிக்கோ உரக்குழிக்கோ போய்ச் சேருகிறது. அதில் தவறில்லை, மாடு அதைப் பாலாக்கித் தருகிறது. எனினும் தேங்காய்ப் பிண்ணாக்கில் ஏறத்தாழ 20 சதவீதமும், நிலக்கடலைப் பிண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேலும் புரதம் உள்ளது. அதனை மனிதர் நேரடியாக உண்ண இயலாதா?

மைசூரில் 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இதற்கு விடை கண்டது. எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு 75 பங்கு, கடலைப்பருப்பு மாவு 25 பங்கு, அவற்றுடன் வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து ‘பல்நோக்கு உணவு’ உருவாயிற்று. பின்னர், நிலக்கடலைப் புரதத்தைத் தனியே பிரித்துப் பாலுடன் கலந்த ‘மில்டோன்’ வந்தது.

ஆனால் 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய அஃப்ளடாக்சின் என்னும் நச்சே காரணம். சமைத்தாலும் அது முற்றிலும் அழியாது. கொப்பரையும் இதற்கு விலக்கன்று. மழை மிகுந்த இந்நாட்டில், கொப்பரையின் ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்குமுன் மூட்டை கட்டினால், பின்னர் எந்த இயந்திரமும் அதை உணவுத் தரத்துக்கு உயர்த்தாது. காயவைக்கும் களத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

ரப்பர் விதையில் வேறொரு தொல்லை. மரவள்ளிக் கிழங்கிலுள்ள அதே லினமாரின், சயனைடு நச்சை வெளியிடும் பொருள், இதிலும் உண்டு. கிழங்கை வேகவைத்து நீரை ஏன் கொட்டுகிறோம் என்பது இங்குள்ள தாய்மாருக்குத் தெரியும். ரப்பர் பிண்ணாக்கை உணவாக்க முயல்வதைவிட உரமாக்குவதே மேல் என்பது என் கருத்து.

இனி, பூச்சிக்கொல்லி. தூவும் மருந்துத் தூளில் நச்சுப்பொருள் நூற்றுக்குச் சில பங்கே. எஞ்சியது அதைச் சுமந்து செல்லும் தூள். வழக்கமாக மாக்கல் தூளோ வெண்களிமண்ணோ பயன்படும். பிண்ணாக்கு இதற்கு ஏற்றதன்று. எஞ்சிய எண்ணெய் சிக்குப் பிடிக்கும். ஈரம் ஏறினால் கட்டியாகும். சிரட்டைத் தூள் ஏற்றது. கொசுவர்த்திச் சுருளிலும் அது சேர்கிறது. உயிருள்ள மருந்துக்கோ பிண்ணாக்கே நல்ல துணை. மிளகின் வாடல் நோய்க்குக் காய்ந்த சாணம் 90 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 முதல் 2 கிலோ கலந்து வளர்த்துக் கொடிக்கு இடுவது கேரளத்தில் பரிந்துரைக்கப்படும் முறை.

உணவும் மருந்தும் ஒரே கூரையின்கீழ் நடக்கலாமா? 1958-இல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் உண்ட உணவுப்பொருள், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியோடு ஒரே கப்பலில் வந்தது. வழியில் மருந்து கசிந்து மூட்டைகளில் ஊறியது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் அத்துயரத்தின் விளைவே. ஆகவே, ஆலைக்குக் கடன் கேட்டு விண்ணப்பம் வரும்போது, அலுவலர்கள் முதலில் அரைவை இயந்திரம் ஒன்றா இரண்டா என்று கேட்கவேண்டும். பழைய சாக்குகள் எங்கே போகின்றன என்பதையும் கேட்கவேண்டும்.