ஒடுங்கிய கோழியை மீட்பது எப்படி?

(நன்னிலம் வட்டாரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லைப் பற்றியே பேசிப் பழகிய நாம், இன்று கொல்லையில் மேயும் கோழியைப் பற்றிச் சிறிது பேசுவோம். நெல் விற்ற பணம் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வருகிறது. அதுவும் உரத்துக்கும் கடனுக்கும் போய்விடுகிறது. முட்டை விற்ற பணமோ சிறுகச் சிறுக வந்து, பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையில் தங்குகிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு உதவுவது அந்தப் பணமே. ஆகவே, முட்டையிடும் கோழி ஒன்று ஒடுங்கி உட்கார்ந்துவிட்டால் அது அற்ப விஷயமன்று.

நம் வீடுகளில் நாட்டுக்கோழியும், வனராஜா போன்ற மேம்படுத்திய இனக் கோழியும், வாத்தும், சில இடங்களில் வான்கோழியும் ஒரே கொல்லையில் மேய்கின்றன. கோடையில் இடம் தாராளமாக இருப்பதால் தொல்லை குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொல்லையில் நீர் தேங்கினால் எல்லாவற்றையும் திண்ணையிலோ மாட்டுக் கொட்டிலிலோ நெருக்கி அடைக்கிறோம். 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலையும், 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி கொணர்ந்த பெருமழையையும் நாம் மறக்கவில்லை. இத்தகைய நாட்களில்தான் கோழிகளின் அதிர்ச்சி மிகுதியாகிறது.

கோழிக் கூட்டத்தில் ஒரு வரிசை முறை உண்டு. எது எதைக் கொத்தலாம், எது முதலில் இரை எடுக்கலாம் என்பதைக் கோழிகள் தமக்குள் முடிவு செய்துகொள்கின்றன. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டரப்-எப்பே இதனை ஆராய்ந்து 1922இல் கட்டுரை வெளியிட்டார். புதுக்கோழி வந்தாலும், இடம் நெருங்கினாலும் இந்த வரிசை குலைந்து சண்டை மூள்கிறது. கடைசி நிலையில் உள்ள கோழிக்கு ஓட இடமில்லை; தீனியும் நீரும் எட்டுவதில்லை. அச்சத்தின்போது உடலில் சுரக்கும் நீர் நாள்தோறும் மிகுந்திருந்தால், முட்டையிடுவது குறைகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றலும் தளர்கிறது.

ஒடுங்கிய கோழியைக் கண்டதும் பலர் அதனை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகின்றனர். இதில் இருவகைக் கேடு உண்டு. அதிர்ச்சியால் ஒடுங்கிய கோழியானால், சில நாட்களில் தேறக்கூடிய நல்ல கோழியை இழக்கிறோம். நோயுற்ற கோழியானால், அந்த நோயை அடுத்த கிராமத்துக்கு அனுப்பி வைக்கிறோம்.

எனவே முதலில் செய்ய வேண்டியது சோதனை. எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ நீர்த்துப் போகிறதா, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, கழுத்து முறுக்கிக்கொள்கிறதா, கால் இழுக்கிறதா என்று பாருங்கள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் கோழிக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் என்று ஐயுற்று, அந்தக் கோழியைக் கூட்டத்துக்கு வெகு தொலைவில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 1962 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லியும் உதவி பெறலாம்.

நோய்க் குறி எதுவும் இல்லையானால், கோழியைப் பஞ்சாரத்தில் தனியே கவிழ்த்து வையுங்கள். ஆனால் மற்றக் கோழிகளின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். பல நாள் கண்மறைவாக இருந்த கோழியைக் கூட்டம் அயலாகவே கருதும். திரும்பி வந்ததும் மீண்டும் கொத்தும். தரையில் காய்ந்த வைக்கோல் பரப்பி, சாரலும் வெயிலும் படாமல் காக்க வேண்டும். முதலில் நல்ல தண்ணீரும், பிறகு குருணை, தவிடு, நறுக்கிய முருங்கைக்கீரை, கிடைத்தால் கரையானும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். அடிக்கடி கையில் தூக்கிப் பார்ப்பது அதன் அச்சத்தை வளர்க்கும். கொத்துக்காயம் இருந்தால் கழுவி, வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைத் தடவுங்கள். சிவந்த காயத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் அதனையே தேடிக் கொத்தும். ஆதலால் காயம் ஆறும்வரை விடலாகாது.

கோழி நன்றாக இரை எடுத்து, இறகைக் கோதிக்கொள்ளத் தொடங்கினால் தேறிவிட்டதென்று கொள்ளலாம். அதன்பின் அந்தி நேரத்தில், மற்றவை அடையும்போது கூட்டில் சேர்த்துவிடுங்கள். மறுநாள் முதல் தீனியையும் நீரையும் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைத்தால் வலிய கோழி எல்லாவற்றையும் காவல் காக்க முடியாது. மறுபடி முட்டையிடச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பொறுமை வேண்டும். அந்நாட்களில் கிளிஞ்சல் தூளைத் தீனியருகே வைப்பது முட்டை ஓட்டுக்கு நல்லது.

வாத்துக்கு இரவில் தனி இடம் ஒதுக்குங்கள். அது நீரைச் சிதறிப் படுக்கையை நனைத்துவிடும். ஆண் வாத்து சில வேளை பெட்டைக் கோழியை மிதித்துக் காயப்படுத்துவதும் உண்டு. வான்கோழியையும் பிரித்தே அடைக்க வேண்டும். கோழிக்குத் தீங்கு செய்யாத சில குடற்கிருமிகள் வான்கோழியைக் கொல்லக்கூடும்.

ஊராட்சிக்கும் இதில் கடமை உண்டு. கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம் நடைபெறும் நாளை ஒவ்வொரு தெருவுக்கும் முன்கூட்டியே அறிவியுங்கள். இறந்த கோழியை வாய்க்காலில் எறியாமல் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் செய்யுங்கள். ஒரே சமயத்தில் பல கோழிகள் மடிந்தால் மறைக்காமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே மேட்டில் ஒரு கூடு அமைக்க வீட்டாரைத் தூண்டுங்கள். கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி இடம் இருந்தால் பாதிச் சண்டை அடங்கும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு பஞ்சாரமும், ஒரு வாரப் பொறுமையும், கூர்ந்து நோக்கும் கண்ணும் போதும். ஒடுங்கிய கோழியை விற்குமுன் அதன் எச்சத்தையும் மூச்சையும் ஒருமுறை பாருங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வோமாக!