மழைக்குப் பின் முளைக்கும் காளான்



குளிர்நாடுகளிலே இலையுதிர் காலம் வந்தால், மக்கள் கூடையும் கையுமாகக் காட்டுக்குக் காளான் பறிக்கப் போவார்கள். நமக்கு இலையுதிர் காலம் ஏது? வெயில் காய்ந்த பின் கொட்டும் மழைதான் நமது காளான் பருவம். பால்மரம் வெட்டப் போன அம்மா, தலைத்துண்டில் காளானை முடிந்துகொண்டு வந்தால் அன்று லயமே மணக்கும்.

அது புற்றுக் காளான். மலாய்க்காரர்கள் 'செண்டாவான் பூசுட்' என்பார்கள். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நமக்குத் தெரியும். ஆனால் இந்தக் காளான் அழையாத விருந்தாளி அல்ல. கறையானே இதைப் பயிர் செய்கிறது. காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று, அந்தக் கழிவினால் புற்றுக்குள் தேனடை போலப் பாத்தி கட்டுகிறது. அதில் வளரும் பூஞ்சணம், மரச்சத்தைக் கறையானுக்கு ஏற்ற உணவாக மாற்றித் தருகிறது. மழை பெய்ததும் அதுவே குடை விரிக்கிறது. தோண்டிப் பார்த்தால், காம்பு வேர்போல நீண்டு புற்றுவரை இறங்கியிருக்கும்.

இனி எச்சரிக்கை. நான் சிறுவனாக இருந்தபோது, பக்கத்து வீட்டில் திடலில் முளைத்த வெள்ளைக் காளானைச் சமைத்தார்கள். வெள்ளிக் காசைப் போட்டுப் பார்த்தார்கள், கறுக்கவில்லை. நம்பிச் சாப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் வீடு முழுவதும் வாந்தி, வயிற்றுப்போக்கு. லாரியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, எல்லாரும் பிழைத்தார்கள்.

புல்வெளியில் முளைக்கும் ஒரு நச்சுக் காளான் உண்டு. குடைமேல் பழுப்புச் செதில், காம்பிலே வளையம். முற்றினால் குடையின் அடிமடிப்பு பச்சையாகும். ஆனால் இளசாக இருக்கையில் மடிப்பும் வெள்ளைதான், ஏமாறுவது அங்கேதான். வெள்ளி கறுப்பது, பூச்சி அரிப்பது எதுவும் நஞ்சைக் காட்டாது. கொதித்தால் நஞ்சு போய்விடும் என்பதும் தவறு. ஐரோப்பாவில் 'சாவுத் தொப்பி' எனப்படும் காளானின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே வேலையைக் காட்டி, கல்லீரலைக் கெடுத்துவிடும்.

ஆகவே, பழகிய பெரியவர் பார்த்துச் சொல்லாத காளானைத் தொடாதீர்கள். ஐயம் வந்தால் எறிந்துவிடுங்கள். சாப்பிட்டபின் உடம்புக்கு ஆகவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிஞ்சிய காளானையும் கொண்டுபோங்கள். பினாங்கிலே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. மருத்துவர்கள் அதனிடம் ஆலோசனை கேட்கலாம்.

நல்ல காளான்தான் என்று உறுதியானால் சமையல் எளிது. மண் போக அலசி, கையால் கிழித்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்து, மஞ்சளும் உப்பும் சேர்த்து வதக்குங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்; காளானே நீர் விடும். அந்த நீர் வற்றி நன்றாக வெந்ததும் மிளகுத்தூள் தூவி இறக்குங்கள்.

இன்று தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். காளானைப் பார்த்ததும் இனம் சொல்லும் பாட்டிமார் குறைந்துவருகிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், அடுத்த மழைக்கு அவரோடு நடந்து பாருங்கள். அந்த அறிவு அவரோடு போய்விடக் கூடாது.